மென்முருகைப் பொலிப்புகளை ஒட்டுவதும் கையாளுவதும்: தொடங்குபவர்களுக்கு

கிளுவங் கதியாலை வேலியில் நட்டால் கயிறு போட்டுக் கட்டுகிறோம். அந்தக் கட்டு காலம் முழுக்க வேலியைத் தாங்குவதற்கல்ல. கதியால் வேர் விடும்வரை ஆடாமல் நிற்பதற்கு. வேர் விட்ட பிறகு கயிறு உக்கிப் போனாலும் கதியால் நிற்கும். கடல்நீர்த் தொட்டியில் மென்முருகையை ஒட்டுவதும் இதேதான். முருகையைக் கல்லோடு நிரந்தரமாகப் பிடித்து வைப்பது பசையல்ல, பொலிப்பின், அதாவது முருகையின் ஒவ்வொரு சிறு உடலின், சொந்த அடிச்சதை. அது கல்லின் மேல் படர்ந்து பிடிக்க ஒன்று தொடக்கம் மூன்று கிழமை எடுக்கும். அதுவரை துண்டை அசையாமல் வைத்திருப்பது மட்டும்தான் பசையின் வேலை.

இது விளங்கினால் மற்றதெல்லாம் இலகு. பசை கல்லுக்குப் போட வேண்டியது, சதைக்கு அல்ல. பிடிக்கும்போதும் கல்லைத்தான் பிடிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கமே பொலிப்பையும் காப்பாற்றும், உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றும். சில பொலிப்புகளின் சதைக்குள் கடுமையான நஞ்சு இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறது, தயவுசெய்து தாண்டிப் போகாமல் வாசியுங்கள்.

மென்முருகை என்றால் எது?

யாழ்ப்பாணத்தாருக்கு முருகைக்கல் புதிதல்ல. நெடுந்தீவுக்குப் போனவர்கள் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கல், கல்முருகைகள் தங்களுக்காகக் கட்டிய சுண்ணாம்புக் கூடு. உயிர் போன பின்னும் கூடு மிஞ்சும். மென்முருகைக்கு அப்படி ஒரு கூடு இல்லை. சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துணுக்குகள் மட்டும் இருக்கும், அதனால்தான் தோல்முருகையைத் தொட்டால் பதனிட்ட தோல் மாதிரி இருக்கிறது.

பொலிப் என்பது ஒரு தனி உடல். குழாய் மாதிரி ஒரு தண்டு, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி உணர்கொம்புகள். சாப்பாடு போவதும் கழிவு வருவதும் அந்த ஒரே வாயால்தான். உண்மையான மென்முருகைகளில் ஒவ்வொரு பொலிப்புக்கும் இறகு போன்ற எட்டுக் கொம்புகள் இருக்கும். தோல்முருகை, ஸீனியா, பச்சை நட்சத்திரப் பொலிப் எல்லாம் இந்த வகை. ஸோவாந்தஸ், பாலித்தோவா என்ற பூப்போன்ற பொலிப்புகளும் காளான்முருகைகளும் உயிரியல்படி வேறு பிரிவு. அவற்றின் உறவு கடற்சாமந்தியோடும் கல்முருகையோடும்தான். ஆனால் தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் மென்முருகை என்றே சொல்கிறார்கள், வளர்க்கும் முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். இங்கும் அப்படியே சொல்கிறோம்.

கடைக்காரர் தரும் துண்டில் பத்துப் பொலிப் இருந்தால், அவை பத்தும் அடியில் ஒரே சதைப் படலத்தால் இணைந்திருக்கும். அந்தப் படலம்தான் கல்லைப் பிடிப்பது, புதுப் பொலிப் முளைப்பதும் அதிலிருந்துதான். எனவே பொலிப்பின் பூவை விட அடிப்படலத்தைக் கவனமாகப் பாருங்கள். படலம் கிழிந்து, ஓரம் வெள்ளையாகக் கரைந்து கொண்டிருக்கும் துண்டை மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

கடலில் இருந்து நீங்களே எடுக்கவும் வேண்டாம். 1988 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் கரையோர வலயத்தில் முருகை அகழ்வதைத் தடை செய்கிறது, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டத்தை விட்டாலும், காங்கேசன்துறைப் பக்கக் கடலில் பிடுங்கிய துண்டு அடிப்படலம் கிழிந்து, அதோடு ஒட்டிய பூச்சி புழுக்களோடு வந்து, பெரும்பாலும் ஒரு மாதத்துக்குள் அழுகும். ஏற்கெனவே தொட்டியில் வளர்ந்து, சிறு கல்லிலோ ஆணித்தலை வடிவான பீங்கான் கட்டையிலோ பிடித்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். தொடங்குபவருக்கு அது போதும், அதுதான் நல்லதும்.

நஞ்சைப் பற்றி

பாலித்தோவாவிலும், ஸோவாந்தஸ் சிலவற்றிலும் பாலிடொக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971 இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மூர், ஷொயர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். ஹவாயின் மாவுயி தீவில் முன்னோர் ஈட்டி முனையில் பூசியதாகச் சொல்லப்பட்ட ஒரு கடல் ‘பாசி’யைத் தேடிப் போனதில் கிடைத்தது இது. பாசி என்று நினைத்தது உண்மையில் ஒரு பாலித்தோவா. அறியப்பட்ட நஞ்சுகளில் மிகக் கடுமையானவற்றுள் இதுவும் ஒன்று.

வேலை செய்யும் விதம் இது. எங்கள் உடலின் ஒவ்வொரு கலத்திலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும் ஒரு பம்பி இருக்கிறது. பாலிடொக்சின் அந்தப் பம்பியில் போய் ஒட்டி, அதை மூடாத ஓட்டையாக்கி விடும். பொற்றாசியம் வெளியே ஒழுகும், தசைகள் சுருங்கிக் கலங்கள் சேதமாகும். இதயமும் தசைதான் என்பதை நினைவில் வையுங்கள். முறிமருந்து கிடையாது. வைத்தியசாலையில் அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை செய்வார்கள்.

உடலுக்குள் போகும் முக்கிய வழி மூன்று. ஒன்று, கையில் உள்ள வெட்டுக்காயம், நகக்கண்ணில் கிழிந்த தோல். இரண்டு, கண். பொலிப்பை நசுக்கினால் அது வாயால் தண்ணீரைப் பீய்ச்சும், அது நேரே முகத்துக்கு வரும். மூன்று, மூச்சு, இதுதான் பலர் எதிர்பாராதது. சுடுதண்ணீர் ஊற்றினாலோ, கல்லை அவித்தாலோ, வெளியே எடுத்துத் தூரிகையால் உரஞ்சினாலோ, ஆவியோடும் நுண்துளிகளோடும் நஞ்சு காற்றில் ஏறும். கொதிக்க வைத்தால் நஞ்சு செத்துவிடும் என்று நினைப்பது தவறு, இந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்ஷயரில் ஒருவர் தொட்டிக் கல்லை வீட்டுக்குள் எடுத்து உரஞ்சிச் சுத்தம் செய்ததில், வீட்டாரும் உதவிக்கு வந்தவர்களுமாக ஒரு கூட்டமே வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது.

எந்தத் துண்டில் நஞ்சு அதிகம், எதில் இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது. பெரிய, மண்ணிறமான, தொட்டால் மணல் நெருடும் பொலிப்புகள் பெரும்பாலும் பாலித்தோவா. அது மணலைத் தன் சதைக்குள்ளேயே சேர்த்துக் கொள்ளும். ஆனால் வர்ணமான சிறிய பொலிப்பிலும் அதே நஞ்சு இருக்கலாம். எனவே ஸோவாந்தஸ், பாலித்தோவா இரண்டையும் சேர்த்துச் சுருக்கமாக ஸோவா என்கிறோம், எல்லா ஸோவாவையும் நஞ்சுள்ளது என்றே எண்ணிக் கையாளுங்கள். காளான்முருகைக்கும் தோல்முருகைக்கும் இந்த நஞ்சு கிடையாது, ஆனாலும் கையுறை பழக்கத்தை விட வேண்டாம்.

பயந்து தொட்டியையே விட்டுவிட வேண்டியதில்லை. தொட்டியில் அமைதியாக விரிந்திருக்கும் பொலிப் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. வெட்டும்போதும், நசுக்கும்போதும், உரஞ்சும்போதும், காயவைக்கும்போதும், சூடாக்கும்போதும்தான் ஆபத்து.

வாயில் உலோகச் சுவை, உதடு விறைப்பு, காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், மூச்சுத் திணறல், தசைவலி, கண் சிவந்து கடுத்தல் — முருகையோடு வேலை செய்து சில மணித்தியாலத்துக்குள் இதில் எதுவும் வந்தால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். கண்ணில் பட்டால் ஓடும் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். யாழ் போதனா வைத்தியசாலையில் “கடல் முருகையின் பாலிடொக்சின் பட்டிருக்கலாம்” என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். நம் பக்கத்தில் இது அரிது, நீங்கள் சொல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று நினைக்க இடமுண்டு.

தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

மணிக்கட்டுக்கு மேல் வரும் நைத்ரைல் கையுறை, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. இரண்டும் ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். சமையலறைக் கையுறை தடித்தது, கைக்கு உணர்வு வராது, துண்டு நழுவும். 25 தொடக்கம் 30 சென்ரிமீற்றர் நீளமான சாமணம் ஒன்று, பழைய பற்தூரிகை ஒன்று, தொட்டித் தண்ணீர் நிரப்பிய இரண்டு பிளாஸ்ரிக் கிண்ணம், ரிசு. இவற்றைக் குசினிப் பாத்திரங்களோடு கலக்காமல் ஒரு தனி வாளியில் போட்டு, மேலே பெரிதாக எழுதி வையுங்கள். கையில் காயம் இருந்தால் அன்று வேலை வேண்டாம், காயம் ஆறட்டும். பொதியைப் பல்லால் கடித்துப் பிரிக்கும் பழக்கம் நம் பலருக்கு உண்டு. ஸோவா வந்த பொதியில் அதைச் செய்யவே கூடாது.

பசை என்றால் சயனோஅக்ரிலேற் ஜெல். கடையில் ‘சுப்பர் குளூ’ என்று கேட்டால் தண்ணீர் மாதிரியான சின்னக் குழாயைத் தருவார்கள். அது உதவாது. தண்ணீரில் பட்டதும் ஓடி, சதைமேல் வெள்ளைத் தோலாகப் படர்ந்து, பொலிப்பின் வாயை அடைத்துவிடும். உறையில் ‘ஜெல்’ என்று இருக்க வேண்டும். குழாயைத் தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டை அமுக்கிப் பாருங்கள், அது விழாமல் தொங்கி நிற்க வேண்டும். முருகைத் தொட்டிக்கென்று தனியாக விற்பதையே தேட வேண்டியதில்லை, கலப்பில்லாத சயனோஅக்ரிலேற் என்றால் போதும். இறுகிய பிறகு அது தண்ணீருக்குத் தீங்கில்லை.

திறந்த குழாய் எங்கள் வெக்கையில் ஒரு மாதத்தில் கட்டியாகிவிடும். மூடி இறுக்கி, ஒரு சிறு போத்தலில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஆனால் எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த குழாயில் காற்றின் ஈரம் படிந்து, வாயிலேயே இறுகிவிடும். அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

இந்தப் பசை காய்வதில்லை, ஈரத்தால் இறுகுவது. அதனால்தான் தண்ணீருக்குள்ளும் வேலை செய்கிறது. தண்ணீர் பட்ட சில நொடியில் வெளியே மெல்லிய தோல் கட்டும், உள்ளே இன்னும் பசையாகவே இருக்கும். ஒட்டாமல் விழும் துண்டுகளில் பல, இந்தத் தோலைப் பற்றித் தெரியாததால் விழுபவை.

ஒட்டும் முறை

துண்டு கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தால் முதலில் அதை ஆறவிடுங்கள். பொதியை மூடியபடியே தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்க விட்டால் வெப்பநிலை ஒத்துவரும். பிறகு கிண்ணத்தில் ஊற்றி, அரை மணித்தியாலத்தில் சிறிது சிறிதாகத் தொட்டித் தண்ணீரைச் சேருங்கள். பொதியில் வந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

அடுத்து அயடின் முழுக்கு. ஒரு லீற்றர் தொட்டித் தண்ணீரில் பொவிடோன் அயடினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் விடாத பிளேன்ரீயின் இளம் நிறம் வந்ததும் நிறுத்துங்கள். சவர்க்காரம் கலந்த, கை கழுவும் வகையை எடுக்க வேண்டாம். துண்டை அதில் 5 தொடக்கம் 10 நிமிடம் விட்டு, மெல்ல அசைத்து, இரண்டாவது கிண்ணத்தில் அலசி எடுங்கள். இது கிருமியைக் குறைக்கும், ஒளிந்திருக்கும் பூச்சி சிலவற்றை விழுத்தும். ஆனால் முட்டைகளைக் கொல்லாது. எனவே பொலிப்புகளுக்கு இடையிலும் கட்டையின் அடியிலும் சிறு வெள்ளைச் சுருள்களோ ஊன்பசை போன்ற திட்டுகளோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, சாமணத்தால் எடுத்து விடுங்கள்.

இப்போது இடம். தொட்டியின் நீரோட்ட மோட்டரை 15 நிமிடம் நிறுத்துங்கள். ஒட்டப் போகும் பாறையில் 2 சென்ரிமீற்றர் அகலத்துக்கு பற்தூரிகையால் பாசியை உரஞ்சி, வெறும் கல் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். பசை பாசியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் பாசி கல்லை விட்டுக் கழரும். அதே பாறையில் ஏற்கெனவே ஸோவா இருந்தால் அந்த இடத்துக்குக் கிட்ட உரஞ்ச வேண்டாம், வேறு இடம் பாருங்கள். துண்டையும் முதலில் பசையில்லாமல் வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் பொருந்துகிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று மனதில் குறித்துக் கொள்ளுங்கள். பசையோடு உள்ளே போனபின் யோசிக்க நேரமில்லை.

துண்டை வெளியே எடுத்து, கட்டையின் அடியை மட்டும் ரிசுவால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். பொலிப் வெளியே ஓரிரு நிமிடம் இருக்கலாம், அவை சுருங்கி வாயை மூடிக் கொள்ளும். வெயிலிலும் மின்விசிறிக்குக் கீழும் வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்திக் கொள்ளுங்கள், அந்தக் காற்று நிமிடத்துக்குள் சதையை உலர்த்தும். அடியின் நடுவில் ஒரு கொண்டைக்கடலை அளவு ஜெல் வையுங்கள். பூசிப் பரப்ப வேண்டாம், குவியலாகவே இருக்கட்டும். தண்ணீருக்குள் இறக்குங்கள். மேலே தோல் கட்டும், பரவாயில்லை. பாறையில் வைத்து அழுத்தி, கால் வட்டம் திருகுங்கள். திருகும்போதுதான் தோல் உடைந்து உள்ளே உள்ள புதுப்பசை கல்லைப் பிடிக்கும். கட்டையின் விளிம்பைப் பிடித்தபடி 60 நொடி அசையாமல் இருங்கள். எண்ணிக்கொண்டே பிடியுங்கள், 20 நொடியிலேயே பிடித்தது போலத் தோன்றும்.

வெள்ளை நூல் மாதிரி பசை மிதந்தால் சாமணத்தால் சுற்றி எடுத்து விடுங்கள். மோட்டரை உடனே முழு வேகத்தில் போட வேண்டாம். துண்டுக்கு நேரே அடிக்கும் மோட்டரை அன்று முழுக்க வேறு பக்கம் திருப்பி விடுங்கள்.

பாறை கரடு முரடாக இருந்தாலும், செங்குத்தான பக்கத்தில் ஒட்டினாலும் பசை மட்டும் போதாது. அங்கே எப்பொக்சி புட்டி தேவை. இரண்டு நிறப் பகுதியும் சம அளவாக வெட்டி, ஒரே நிறமாகும்வரை கையுறையோடு பிசையுங்கள். ஒரு போளை அளவு உருட்டி, ஒரு பக்கம் ஜெல், மறுபக்கம் ஜெல். நடுவில் புட்டி, இரு பக்கமும் பசை. புட்டி இடைவெளியை நிரப்பும், பசை உடனடியாகப் பிடிக்கும். புட்டி தனியே ஈரக்கல்லில் ஒட்டாது, பசை தனியே இடைவெளியைத் தாண்டாது. இரண்டும் சேர்ந்தால் உறுதி. 100 லீற்றர் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு போளைக்கு மேல் வேண்டாம். புட்டி இறுகும்போது தண்ணீர் சற்றுக் கலங்கும், நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் புரதநுரைக்கருவி பொங்கி வழியும். அதை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள்.

பசை பிடிக்காதவை

தோல்முருகையும் காளான்முருகையும் சளியைச் சுரந்துகொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல பசை போட்டாலும் ஒரு மணித்தியாலத்தில் சளியோடு பசையைக் கழற்றிவிட்டு மிதந்து போகும். இங்கே மறுபடி மறுபடி பசை போடுவது சதையைப் புண்ணாக்குவது மட்டுமே. கட்டியோ, அடைத்து வைத்தோதான் பிடிக்க வைக்க வேண்டும்.

தோல்முருகைத் துண்டுக்கு: தண்டின் அடியில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் மேலே, பல் குத்தும் மரக்குச்சி ஒன்றைக் குறுக்காகச் செலுத்துங்கள். குச்சியின் இரு முனையையும் சிறு றப்பர் வளையத்தால் எட்டு வடிவில் கட்டையோடு சேர்த்துப் பிடியுங்கள். வளையம் சதையை அழுத்தாமல் குச்சியை மட்டும் இழுக்க வேண்டும். சதையைச் சுற்றி இறுக்கினால் இரண்டே நாளில் தண்டை அறுத்துவிடும். தங்கூசியால் கட்டுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் கூடுதலாக. தங்கூசி மெல்லியது, கத்தி மாதிரி வெட்டும். 10 தொடக்கம் 14 நாளில் அடி பிடித்துவிடும், வளையத்தை வெட்டி எடுத்து விடுங்கள். குச்சியைத் துண்டு தானாகவே தள்ளிவிடும்.

காளான்முருகையை எதனாலும் கட்ட முடியாது, வழுக்கிவிடும். ஒரு சிறு பிளாஸ்ரிக் கிண்ணத்தில் விரல்நக அளவான கற்துண்டுகளைப் பரப்பி, காளானை அவற்றின் மேல் வைத்து, மேலே வலை போட்டு றப்பர் வளையத்தால் மூடுங்கள். நீரோட்டம் குறைந்த மூலையில் ஒரு கிழமை தொடக்கம் பத்து நாள் விட்டால் அது ஏதாவது ஒரு கல்லைப் பிடித்திருக்கும். பிறகு அந்தக் கல்லுக்குப் பசை போட்டுப் பாறையில் ஒட்டலாம். வலைக்கு நுளம்பு வலைத் துண்டு சரியாக இருக்கும் என்று தோன்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பூச்சிமருந்து ஊட்டிய நுளம்பு வலைகளும் புழக்கத்தில் உண்டு, அவற்றில் ஒரு சிறு துண்டே தொட்டியில் உள்ள இறால், நண்டு எல்லாவற்றையும் கொல்லக்கூடும். மருந்தில்லாத வலை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பாவியுங்கள். இல்லாவிட்டால் சாயமில்லாத வெள்ளை நைலோன் வலைத்துணி வாங்குங்கள்.

பச்சை நட்சத்திரப் பொலிப்புக்கு ஊதா நிற அடிப்பாய் உண்டு. அந்தப் பாயின் அடியில் இரண்டு மூன்று புள்ளி ஜெல் வைத்தால் போதும், நன்றாகப் பிடிக்கும். பிரச்சினை ஒட்டுவதில் இல்லை, நிறுத்துவதில்தான். அது பிரதான பாறையைத் தொட்டால் ஒரு வருடத்தில் அயலில் உள்ள எல்லாவற்றையும் மூடிவிடும். மணலில் தனியே நிற்கும் கல்லில்தான் அதை வையுங்கள். ஸீனியாவுக்கும் இதே விதி. அதை ஒட்ட வேண்டியதே இல்லை, கல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் தானாக ஏறிக் கொள்ளும்.

கட்டையில்லாமல் படலமாக உரிந்து வந்த ஸோவாவை ஒட்டுவதும், பெரிய துண்டை வெட்டிப் பிரிப்பதும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெட்டும்போதுதான் நஞ்சு அதிகம் வெளிவரும். அதிகமாகப் படர்ந்து பிரித்தே ஆக வேண்டுமென்றால், சதையை வெட்டாமல், அது படர்ந்திருக்கும் சிறு கல்லையே எடுத்து இடம் மாற்றுங்கள்.

வேலை முடிந்தபின்

தொட்ட எல்லாவற்றையும், சாமணம், கிண்ணம், தூரிகை, ரிசு, முழுக்குத் தண்ணீர், உதிர்ந்த பொலிப், பிளீச் கரைசலில் போட வேண்டும். கடையில் விற்கும் 5 சதவீத பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. 30 நிமிடம் ஊறட்டும். இந்த நஞ்சை வீட்டில் அழிக்க வழி இதுதான், சவர்க்காரமும் சுடுதண்ணீரும் அழிக்காது. முற்றத்தில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வினாகிரி, ரொயிலற் கழுவும் அசிட் எதுவும் பிளீச்சோடு சேரக்கூடாது, குளோரின் வாயு வரும். ஊறிய ஆயுதங்களைப் பல தரம் அலசி, பிளீச் வாசனை போகும்வரை காயவிட்டுத்தான் மறுபடி தொட்டிக்குள் விட வேண்டும். கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்துக் கழற்றி, பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அதுவரை முகத்தையும் கைத்தொலைபேசியையும் தொட வேண்டாம். நிலத்தில் விழுந்த பொலிப்பை நாய், பூனை முகரும் முன் எடுத்து விடுங்கள்.

தண்ணீர், சூடு

வலிகாமம் கிணற்றுத் தண்ணீரை இதற்குப் பாவிக்க முடியாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் தண்ணீர் கடினமானது, தோட்டப் பசளையின் நைத்திரேற்றும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் கடலுப்புக் கலப்பதுதான் பாதுகாப்பு. கடலேரித் தண்ணீர் இன்னும் மோசம், மாரியில் உவர்ப்புக் குறைந்தும் கோடையில் கடலை விடக் கூடியும் அது மாறிக்கொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீருக்கு வேண்டியது: சார்படர்த்தி 1.025, காரத்தன்மை 8 தொடக்கம் 9 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு), நைத்திரேற் 5 தொடக்கம் 15 பிபிஎம் (பத்து இலட்சத்தில் ஒரு பங்கு), பொஸ்பேற் 0.03 தொடக்கம் 0.1 பிபிஎம். மென்முருகை முற்றாகச் சுத்தமான தண்ணீரை விரும்பாது. நைத்திரேற் பூச்சியமாக்க முயல்பவர்களின் ஸோவா சுருங்கி வெளிறிப் போவதுண்டு.

வெப்பநிலை 25 தொடக்கம் 27 செல்சியஸ். சித்திரை, வைகாசியில் யாழ்ப்பாணத்து அறைக்குள் தொட்டி 31ஐத் தொடும். தண்ணீர் மேற்பரப்பில் சிறு மின்விசிறி விட்டால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாகும் அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. 29க்கு மேல் இருக்கும் நாட்களில் புதுத் துண்டு ஒட்ட வேண்டாம். தோல்முருகை வைத்திருந்தால் 100 லீற்றருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி செயற்படுகரி போட்டு மாதம் ஒருக்கா மாற்றுங்கள். தோல்முருகை அயலில் உள்ள முருகைகளைத் தள்ளி வைக்க இரசாயனங்களை விடும், கரி அவற்றை உறிஞ்சும்.

முதல் மூன்று கிழமை

ஒட்டிய ஸோவா ஒன்று தொடக்கம் மூன்று நாள் மூடியிருக்கும், ஒரு கிழமை வரைக்கும் பயமில்லை. தோல்முருகை மெழுகு மாதிரி ஒரு தோலைப் போர்த்துக்கொண்டு பத்து நாள்கூடக் கிடக்கும். செத்துவிட்டதென்று நினைத்து உரித்து விடாதீர்கள், நீரோட்டம் மெல்ல அதை உரிக்கும். உண்மையாகச் சாகிறதா என்பதை வாசனை சொல்லும். கூழ் மாதிரி உருகி, அழுகிய முட்டை மணந்தால் அந்தத் துண்டைக் கையுறையோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும்.

இரண்டாம் நாளே விழுந்தால் காரணம் பெரும்பாலும் பாசியின் மேல் ஒட்டியது, அல்லது திருகாமல் அழுத்தியது. ஒரு கிழமை கழித்து, கல்லோடும் பசையோடும் சேர்ந்து விழுந்தால் நத்தையோ கடல் முள்ளெலியோ தள்ளியிருக்கும். எல்லாப் பொலிப்பும் விரிய ஒரு பக்கம் மட்டும் மூடியிருந்தால், இரவு விளக்கணைத்து ஒரு மணித்தியாலம் கழித்துச் சிவப்பு வெளிச்சத்தில் பாருங்கள். ஸோவாவைத் தின்னும் கடல்நத்தை அதே நிறத்தில், இடுக்கில் இருக்கும். தண்டு நீண்டு எட்டிப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை. பூ குறுகிக் கல்லோடு ஒட்டிக் கிடந்தால் வெளிச்சம் கூடிவிட்டது. ஒளிமானி இருந்தால் காளானுக்கு 30 தொடக்கம் 80 பார் (முருகைக்குப் பயன்படும் ஒளியின் அளவு), ஸோவாவுக்கு 50 தொடக்கம் 150. மானி இல்லாதவர்கள் எதையும் முதலில் தொட்டியின் அடி மூன்றில் ஒரு பங்கில் வைத்து, விளக்கைப் பாதிக்குக் குறைத்துத் தொடங்கலாம்.

மூன்றாம் கிழமையில் கட்டையின் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கட்டையைத் தாண்டிப் பாறையின் மேல் மெல்லிய சதை விளிம்பு இறங்கியிருக்கும். அதில் குண்டூசித் தலை அளவில் ஒரு மொட்டு இருந்தால், அது புதுப் பொலிப். அன்றிலிருந்து விளக்கைக் கிழமைக்கு 5 சதவீதமாகக் கூட்டிக்கொண்டு போகலாம்.